பொன் வாத்தின் வயிற்றிலே

சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் நம் சிற்றாலயத்துக் குடிலின் முன்னே முழந்தாளிட்டிருந்த மரச் சம்மனசை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மடியில் ஓர் உண்டியல். காசு போட்டால் நன்றி சொல்வது போல் தலையை ஆட்டும். பல ஆண்டுகளாக அசையாமல் சாமான் அறையில் கிடந்த அதைப் பழுது பார்க்க, கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் பெட்டியைத் திறந்தபோது பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு நெம்புகோல், அதன் ஒரு முனையில் ஈயக் குண்டு, கழுத்துக்குள் ஊசலாடும் ஒரு தண்டு, அவ்வளவே. காசு விழும் எடையால் நெம்புகோல் சாய, தலை ஆடும். கெட்டுப் போனது எதுவும் இல்லை. இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் பழைய நாணயத்தைவிட இலேசானது. ஆகவே ஈயக் குண்டைத் தூக்க அதற்கு வலுவில்லை! பெரியவர் ஈயத்தைச் சிறிது அராவிக் குறைத்தார். சம்மனசு தலையாட்டியது.

எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் சிலருக்கு உள்ளூர ஒரு வருத்தம். இத்தனை நாள் சம்மனசே நம்மைப் பார்த்துத் தலையாட்டியதாக எண்ணியிருந்தோமே, இவ்வளவுதானா என்று. அதைக் கண்ட சிஸ்டர், தானாக இயங்கும் பொம்மைகளைச் செய்வதில் உலகிலேயே பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றைப் படித்துப் பாருங்கள் என்று கூறி, ஜாக் வோகான்சோன் என்ற பெயரைத் தந்தார்கள். நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடி நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் 1709ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் வோகான்சோன் பிறந்தார். தந்தை தோல் கையுறை செய்பவர். வோகான்சோன் அவருக்குப் பத்தாவது குழந்தை. தாயாரோ மிகுந்த பக்தியுடையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தாய் பக்தியுள்ள சில பெண்மணிகளைக் காணச் செல்லும்போது சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, சிறுவனுக்கு விளையாட ஒன்றும் இராது. பக்கத்து அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. பலகைத் தடுப்பின் இடுக்கு வழியே அதன் ஊசலையும் சக்கரங்களையும் பார்ப்பதே அவனுக்குப் பொழுதுபோக்காயிற்று. வாரந்தோறும் பார்த்துப் பார்த்து, எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்பதைத் தானே கண்டுகொண்டு, பிறகு மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்துவிட்டானாம்! சம்மனசுகள் சிறகசைக்க, குருவானவர் அசைந்து பூசை செய்வது போன்ற ஒரு சிறு கோயிலையும் செய்தான் என்கிறார்கள். இவற்றையெல்லாம் அவர் இறந்தபின் விஞ்ஞானக் கழகத்துக்காகப் புகழுரை எழுதிய கொந்தோர்சே என்ற அறிஞர் குறித்து வைத்திருக்கிறார். புகழுரையில் சற்று மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலை நமக்குத் தெரியாததா?

சேசு சபைக் குருக்களிடம் கல்வி பயின்றபின் அவர் லியோன் நகரில் மினிம் சபையில் சேர்ந்தார். பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் தோற்றுவித்த சபை அது. துறவிகள் புலால் மட்டுமன்றிப் பால், முட்டை முதலியவற்றையும் விலக்கி வாழும் கடுமையான ஒழுங்கு உடையது. அங்கும் அவர் கை சும்மா இருக்கவில்லை. பிரபு ஒருவரின் உதவியால் அவருக்கு ஒரு பட்டறையும் கிடைத்தது. 1727ஆம் ஆண்டு, அவருக்கு 18 வயது. சபையின் மேலாளர் ஒருவர் வருகை தருவதாயிருந்தது. அவரை மகிழ்விக்க எண்ணி, உணவு பரிமாறி மேசையைத் துடைக்கும் பொம்மைகளைச் செய்து வைத்தார் வோகான்சோன். விருந்தும் இனிதே நடந்தது. ஆனால் இப்படிப்பட்ட நாட்டம் தெய்வத்துக்கு ஏற்காதது என்று கருதப்பட்டு, பட்டறையை அழித்துவிடும்படி கட்டளை பிறந்தது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சிகள் உண்டாயின. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுக்க வந்தவர் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்றது ஒரு கட்சி. கொடுத்த கைத்திறனும் ஆண்டவர் தந்த தாலந்துதானே, அதைப் புதைக்கச் சொல்லலாமா என்றது மற்றொன்று. வோகான்சோன் என்ன செய்தார்? மடத்தை விட்டு வெளியேறினார். உடற்கூறு அறிந்த லெ கா என்ற அறுவை மருத்துவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. மூச்சு எப்படி வருகிறது, தசை எப்படி இழுக்கிறது, உணவு எப்படி இறங்குகிறது என்றெல்லாம் கற்றார். உயிருள்ளவற்றின் செயல்களைப் பொறியால் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது வேரூன்றியது.

பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில் புல்லாங்குழல் ஊதும் ஒரு கற்சிலை இருந்தது. அதைக் கண்ட வோகான்சோனுக்கு, இது உண்மையாகவே ஊதினால் என்ன என்று தோன்றியது. அவருடைய மாமனுக்கு அது பைத்தியக்கார எண்ணமாகப் பட்டது. மிரட்டவே செய்தார். மூன்று ஆண்டுகள் அந்த எண்ணம் அப்படியே கிடந்தது. பின்பு நான்கு மாதம் நோயுற்றுப் படுத்திருந்தபோது, பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் மனத்திலேயே அமைத்துத் தாளில் வரைந்தார். உறுப்புகளை வெவ்வேறு தொழிலாளரிடம் செய்யக் கொடுத்து, கடைசியில் தாமே பூட்டினார். பூட்டி முடித்த நாளில் வேலையாளை வெளியே அனுப்பிவிட்டார். அவனோ போகாமல் ஒளிந்து கொண்டான். முதல் இசை எழுந்ததும் ஓடிவந்து எசமானரின் காலில் விழுந்தான். இருவரும் கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் வடித்தனராம். எத்தனை முறை படித்தாலும் அலுக்காத காட்சி இது.

அந்தப் பொம்மை பாடல் பெட்டியைப் போல உள்ளே வேறெங்கோ ஒலித்துவிட்டு ஊதுவது போல் நடித்த ஒன்றன்று. ஒன்பது துருத்திகள் மூன்று குழாய்களின் வழியே மென்மையாகவும் நடுத்தரமாகவும் வலுவாகவும் காற்றை அனுப்பின. உதடுகள் திறந்தன, மூடின, முன்னும் பின்னும் நகர்ந்தன. வாய்க்குள் ஓர் உலோக நாக்கு காற்றை மறித்தும் விடுத்தும் ஒழுங்கு செய்தது. முனைகள் பதித்த ஓர் உருளை மெல்லச் சுழன்று, எந்த நேரத்தில் எந்த நெம்புகோல் அசைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. குழலின் துளைகளை மரவிரல் சரிவர மூடவில்லை. இடுக்கில் காற்று கசிந்தது. எனவே விரல் நுனிகளுக்கு மெல்லிய தோலைப் போர்த்தினார். கையுறைக்காரர் மகன் அல்லவா! 1738ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் பொம்மை மக்கள் பார்வைக்கு வந்தது. நுழைவுக் கட்டணம் 3 லிவர். கூலித் தொழிலாளி பல நாள் உழைத்துப் பெறும் தொகை. அப்படியிருந்தும் கூட்டம் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வோகான்சோன் தம் பொறியின் அமைப்பை விளக்கிப் படித்தார். இசை உண்மையாகவே குழலிலிருந்துதான் வருகிறது என்பதில் அறிஞர்களுக்கு ஐயமில்லை.

இதன்பின் வந்தவைதாம் குழலூதியவாறே மத்தளம் தட்டும் இடையனும், புகழ்பெற்ற வாத்தும். பொன் முலாம் பூசிய செம்பு வாத்து அது. ஒரு சிறகில் மட்டும் 400க்கு மேற்பட்ட அசையும் உறுப்புகள் இருந்தனவாம். அது எழுந்து நிற்கும், கழுத்தை வளைக்கும், சிறகு கோதும், தண்ணீரை அலசிக் குடிக்கும், கத்தும். கையிலிருந்து தானியத்தைக் கொத்தித் தின்னும். தின்றபின், சிறிது நேரம் கழித்து எச்சமும் இடும். (இதை எழுதலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். வரலாறு வரலாறுதான் என்று அனுமதி கிடைத்தது.) தின்ற தானியம் இரைப்பையில் கரைந்து, குடல்போன்ற குழாய்கள் வழியே வெளிவருகிறது என்று வோகான்சோன் எழுதினார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று காட்டுவது போல் வாத்தின் உள்ளுறுப்புகளையும், அது நின்ற பீடத்தின் பொறிகளையும் பலரும் காணும்படி திறந்தே வைத்திருந்தார். உலகம் வியந்தது. பிரஷ்யாவின் அரசர் பிரெடெரிக் தம் அரசவைக்கு அழைத்தார். வோகான்சோன் தாய்நாட்டை விட்டுப் போகவில்லை.

1741ஆம் ஆண்டு கர்தினால் ஃபிளெரி, நாட்டின் பட்டு நெசவைக் கண்காணிக்கும் அதிகாரியாக அவரை நியமித்தார். பொம்மைகளை 1743இல் லியோன் வணிகர்கள் சிலருக்கு விற்றுவிட்டார். இனி விளையாட்டு இல்லை, நாட்டுக்குப் பயன்படும் பொறிகளே என்பது போல.

அன்றைய பூவேலைப் பட்டு எப்படி நெய்யப்பட்டது தெரியுமா? தறியில் ஒரு நெசவாளர் அமர்ந்திருப்பார். பூவின் ஒவ்வொரு வரிக்கும் எந்த இழைகள் உயர வேண்டுமோ அவற்றின் கயிறுகளைப் பக்கத்தில் நின்று ஒருவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கயிறு இழுக்கும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும், எங்கள் வயதுச் சிறுமியருமே. நாள் முழுவதும் கனத்த கயிற்றை இழுத்து இழுத்து உடல் நலிந்து போவார்கள். வோகான்சோன் 1745இல் ஒரு தறி அமைத்தார். பொம்மையின் உருளை இங்கே தறியின் மேலே ஏறியது. துளையிட்ட அட்டை சுற்றிய அவ்வுருளை, உயர வேண்டிய இழைகளைத் தானே தேர்ந்தெடுத்தது. கயிறு இழுக்கும் பெண் தேவையில்லை.

தேவையில்லை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. முதுகு ஒடியும் வேலை இல்லை என்பது ஒன்று. கூலியும் இல்லை என்பது மற்றொன்று. இதற்குமுன் 1744இலேயே, நெசவுத் தொழிலுக்கு வோகான்சோன் வகுத்த புதிய விதிகள் பெரிய வணிகர்களுக்கே சாதகமானவை என்று லியோன் நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். தெருவில் அவர்மேல் கல்லெறிந்தார்கள். அவர் இரவோடிரவாக நகரை விட்டுத் தப்பினார். எப்படி? துறவி வேடத்தில்! மடத்தில் தரித்து, பிறகு களைந்துவிட்ட அங்கியே அன்று அவர் உயிரைக் காத்தது என்று எண்ணும்போது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. பிற்பாடு ஒரு கழுதையே இயக்கக்கூடிய தறியைச் செய்து, உங்கள் வேலையைக் கழுதையும் செய்யும் என்று நெசவாளர்களுக்குக் காட்டினார் என்றும் கொந்தோர்சே எழுதுகிறார். இது எங்களுக்குப் பிடிக்கவில்லை. கயிறு இழுத்த சிறுமியை அவர் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1746இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். இரும்பாலான கடைசல் இயந்திரம் ஒன்றை அமைத்தார்; உளியைக் கையால் பிடிக்காமல் சட்டத்தில் பூட்டி நகர்த்தும் அமைப்பு அதில் உண்டு. 1750இல் கிளியோபாத்ரா நாடகம் ஒன்றுக்காகச் சீறும் பாம்பு செய்து கொடுத்தார். மணம் புரிந்தார், மனைவியைச் சீக்கிரமே இழந்தார், ஒரு மகள் இருந்தாள். இறுதியில் நீண்ட நாள் நோயில் படுத்தார். அப்போதும் ஒரே அளவான கண்ணிகளைக் கொண்ட சங்கிலி செய்யும் பொறி ஒன்று பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதை விளக்கி முடிக்குமுன் காலம் முடிந்துவிடுமோ என்று அஞ்சி, வேலையாட்களை ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். 1782ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பாரிஸில் காலமானார். தம் பொறிகளையெல்லாம் மன்னர் பதினாறாம் லூயிக்கு எழுதி வைத்தார்.

வாத்து என்னவாயிற்று? ஊர் ஊராகச் சுற்றி, ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரில் அடகுப் பொருளாகப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. அங்கே அதைக் கூர்ந்து பார்த்த நிக்கொலாய் என்ற எழுத்தாளர், தின்ற தானியம் வாய்க்குழாயின் அடியிலேயே தங்கிவிடுகிறது, வயிற்றுக்குப் போவதே இல்லை என்று 1783இல் எழுதினார். அப்படியானால் எச்சம்? அது முன்கூட்டியே வாலில் அடைத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். வோகான்சோன் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிறகு ஹெல்ம்ஸ்டெட் நகரில் பைரைஸ் என்ற பேராசிரியர் அதை வாங்கி வைத்திருந்தார். 1805இல் மகாகவி கோதே அங்கே சென்றபோது குழலூதி ஊமையாகியிருந்தான். வாத்து இறகிழந்து எலும்புக்கூடாய் நின்றது. ஓட்ஸ் தானியத்தை மட்டும் சுறுசுறுப்பாகத் தின்றதாம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

பின்னும் பல ஆண்டுகள் கழித்து, பெர்லினில் ஒரு மச்சில் அகப்பட்ட வாத்தை சுவிட்சர்லாந்தில் பிறந்த ரெக்ஸ்டைனர் என்ற கைவினைஞர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துப் பழுது பார்த்தார். 1844இல் மிலான் நகர மக்கள் அது மீண்டும் சிறகடிப்பதைக் கண்டனர். அதே ஆண்டு பாரிஸில் காட்சி நடந்தபோது சிறகு ஒன்று கெட்டுப் போக, அதைச் சரி செய்யும் பணி ரொபேர்-ஊதேன் என்பவரிடம் வந்தது. கடிகாரத் தொழில் கற்று, பின்னாளில் பெரும் மந்திரவாதி எனப் பெயரெடுத்தவர். பழுது பார்க்க வந்தவர் வயிற்றையும் பார்த்தார். தின்றது ஒரு பெட்டியில் விழுந்தது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதைக் கொட்டிவிடுவார்கள். வெளிவந்தது பச்சைச் சாயம் ஊட்டிய ரொட்டித் துகள். ஒரு சிறு பம்பு அதைத் தள்ளியது. ஊதேன் இதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தம் வரலாற்றில் சொன்ன சில செய்திகளையே ஆராய்ச்சியாளர் நம்புவதில்லை. அவர் கையில் வந்தது அசல் வாத்துதானா என்றும் கேட்கிறார்கள். ஆயினும் நிக்கொலாய் கண்டதும் இவர் கண்டதும் ஒத்துப் போகின்றன.

அசல் வாத்து இன்று இல்லை. பாரிஸ் அருங்காட்சியகத்தில் சில பழைய புகைப்படங்கள் கிடைத்தன. கம்பிச் சுருளும் சக்கரங்களுமாய் ஒரு பறவைக் கூடு. வோகான்சோனின் வாத்து, டிரெஸ்டன் நகரிலிருந்து வந்தது என்று குறிப்பு. அந்தக் குறிப்பு சரிதானா, அல்லது அது வேறொருவர் செய்த வாத்தா என்பது முடிவாகவில்லை. பழம் பொருள்களின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை அப்படியே நம்பக் கூடாது என்கிறார்கள். எங்கள் சம்மனசின் அடியிலும் ஓர் ஆண்டு எழுதியிருந்தது. பெரியவர் நீல வர்ணத்தைச் சிறிது சுரண்டியபோது அடியில் பழைய வெள்ளை வர்ணம் இருந்தது. அந்த ஆண்டு எண்ணோ மேலிருந்த நீலத்தின்மேல் எழுதப்பட்டிருந்தது.

எங்களைத் தொல்லைப்படுத்திய கேள்வி ஒன்று உண்டு. குழலூதியின் உதட்டுக்காக அவ்வளவு பாடுபட்டவர், 400 உறுப்புள்ள சிறகு செய்தவர், எதற்காக இந்த ஒரு பொய்யைச் சொன்னார்? சிறகே போதாதா? மக்கள் சிறகைப் பார்த்துக் கை தட்டியிருக்க மாட்டார்களா? அந்தப் பொய்யைத்தான் இன்றும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவர் செய்த தறியின் கதை வேறு. அதைப் பெரிதாக எவரும் பயன்படுத்தவில்லை. உறுப்புகள் பிரிந்து பாரிஸின் கைத்தொழிற் காப்பகத்தில் கிடந்தன. 1794இல் நிறுவப்பட்ட அக்காப்பகத்துக்கு மன்னருக்கு எழுதி வைத்த பொறிகளெல்லாம் வந்திருந்தன. லியோன் நெசவாளர் மகனான ஜக்கார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்து, சிதறிக் கிடந்த தறியைப் பொருத்திப் பார்த்தார். உருளையில் சுற்றிய அட்டைக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்துத் தொடராக ஓடவிட்டு, 1804இல் தம் தறியை உருவாக்கினார். காஞ்சிபுரத்துக் கைத்தறியின் மேல் துளையட்டைகள் தொங்கும் பெட்டியை எங்களில் ஒருத்தி நேரில் பார்த்திருக்கிறாள். அதற்கு ஜக்கார்டுப் பெட்டி என்றே பெயர். கணிப்பொறியின் தொடக்க காலத்தில் கணக்கை ஊட்டியதும் துளையிட்ட அட்டைகளே. வாத்தைத் திறந்தவர்கள் பச்சைத் துகளைக் கண்டார்கள். தறியைத் திறந்தவர் கண்டதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

வோகான்சோனின் தறியும் கடைசல் இயந்திரமும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அக்கட்டடம் முன்னொரு காலத்தில் புனித மார்ட்டின் பெயரால் விளங்கிய துறவியர் மடம்.